‘அடக்கம்’ என்ற சொல்: யார் அடங்குவது, யாரிடம்?

கேள்வி (அம்பாசமுத்திரம் வாசகர் ஒருவர்)

மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். வந்து பேசுகிறவர்களில் பாதிப்பேர் “பொண்ணு அடக்கமா இருப்பாளா?” என்று கேட்கிறார்கள். அகராதியைப் பார்த்தால் அடக்கம் என்றால் பணிவு என்கிறது. பணிவு நல்ல குணம்தானே? அப்படியிருந்தும் அந்தக் கேள்வி காதில் விழும்போது சுருக்கென்கிறது. அடக்கம், பணிவு, தாழ்மை, கீழ்ப்படிதல் எல்லாம் ஒன்றா, வேறு வேறா?

ஜூன் 3

ஒன்றல்ல. அகராதி ஒரு சொல்லுக்கு இன்னொரு சொல்லைக் காட்டும். யார், யாரைப் பார்த்து, எந்த இடத்தில் சொன்னார்கள் என்று காட்டாது. உங்களுக்குச் சுருக்கென்றது அங்கேதான்.

முதலில் இலக்கணம். அடங்கு, அடக்கு என்று இரண்டு வினைகள். ஒருவர் தானே அடங்கினால் அடங்கு. இன்னொருவரை அடக்கினால் அடக்கு. ஒடுங்கு–ஒடுக்கு, முடங்கு–முடக்கு, சுருங்கு–சுருக்கு போலத் தன்வினை, பிறவினை ஜோடி. ஆனால் இரண்டுக்கும் கிடைக்கிற பெயர்ச்சொல் ஒன்றே: அடக்கம். அதனால் “அவளிடம் அடக்கம் இருக்கிறது” என்றால், அவளாக அடங்கியிருக்கிறாளா, யாரோ அடக்கி வைத்திருக்கிறார்களா என்று சொல்லை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. இந்த மறைவுதான் சிக்கல் எல்லாவற்றுக்கும் வேர்.

நாவடக்கம், புலனடக்கம் என்று சொல்லும்போது தொல்லை இல்லை. அடக்குகிறவரும் நானே, அடங்குகிற நாக்கும் என்னுடையதே. பெண் பார்க்க வந்த கூடத்தில் அதே சொல் வரும்போது அடக்குகிறவர் எதிர்நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

ஜூன் 4

ஆண்களுக்கும் இதே சொல்லைத்தானே சொல்கிறோம் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சொல்கிறோம், பொருள் வேறு. “மாப்பிள்ளை அடக்கமானவர்” என்றால் படிப்பு, சொத்து, உத்தியோகம் எல்லாம் இருந்தும் பீற்றிக்கொள்ளாதவர். “பொண்ணு அடக்கமானவ” என்றால் எதிர்த்துப் பேசாதவள். அவருக்கு ஏதோ இருக்கிறது, அதைக் காட்டாமல் இருக்கிறார். அவளுக்கு என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

எதிர்ச்சொல்லைப் பாருங்கள், இன்னும் தெளிவாகும். “எவனுக்கும் அடங்க மாட்டான்” என்று மகனைப் பற்றிச் சொல்லும் அப்பாவின் குரலில் பாதிப் பெருமை இருக்கும். மகளுக்கு அடங்காப்பிடாரி. பிடாரி ஊரைக் காக்கிற தெய்வம். அவளுக்குப் பொங்கலிட்டுக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்து அவள் பெயரையே வசவாக்கியிருக்கிறோம். எனக்கு இது பெரிய வருத்தம்.

ஜூன் 5

அம்பாசமுத்திரத்தாருக்கு: அடுத்த முறை அவர்கள் கேட்டால் “அமரிக்கையா இருப்பா” என்று சொல்லிப் பாருங்கள். எங்கள் பக்கம் பெரியவர்கள் வாயில் இன்னும் இருக்கிற சொல். அமரிக்கை என்றால் பதறாமல், அலட்டிக்கொள்ளாமல், நிதானமாக இருப்பது. அதில் “யாரிடம்?” என்ற கேள்விக்கே இடமில்லை. அடுப்படியிலும் அமரிக்கையாக இருக்கலாம், அதிகாரி நாற்காலியிலும் அமரிக்கையாக இருக்கலாம். அவர்கள் முகம் மாறினால் அவர்கள் தேடுவது வேறு என்று தெரிந்துவிடும்.

ஜூன் 6

“அடக்கம் அமரருள் உய்க்கும்” என்று வள்ளுவரே சொல்லிவிட்டாரே, அதற்கு மேல் என்ன விவாதம் என்று ஒரு அண்ணாச்சி. அதிகாரத்தை முழுக்கப் படியுங்கள் அண்ணாச்சி. அடக்கமுடைமை அதிகாரத்தில் ஆமை வருகிறது, ஐம்புலன் வருகிறது, “யாகாவா ராயினும் நாகாக்க” வருகிறது. எல்லாம் தன்னைத் தானே காப்பது. இன்னாருக்கு இன்னார் அடங்கிப் போ என்று ஒரு குறள்கூட அதில் இல்லை.

அதே அதிகாரத்தில் 125-ஆம் குறள்:

எல்லார்க்கும் நன்றாம் பணிதல் அவருள்ளும்
செல்வர்க்கே செல்வம் தகைத்து

பணிவு எல்லாருக்கும் நல்லது, ஆனால் இருக்கிறவனுக்கு அது இன்னொரு செல்வம். மானம் அதிகாரத்தில் (963) இன்னும் பச்சையாகச் சொல்கிறார்:

பெருக்கத்து வேண்டும் பணிதல் சிறிய
சுருக்கத்து வேண்டும் உயர்வு

நிறைய இருக்கும்போது பணி. இல்லாதபோது நிமிர்ந்து நில். நாம் தெருவில் நடத்துவது நேர்தலைகீழ். வரப்பில் நிற்கிறவனிடம் பணிவு கேட்கிறோம், வண்டியில் வருகிறவனிடம் கேட்பதில்லை. இந்த இழையில் நான் சொல்ல வந்ததும் இதுதான். பணிவு கெட்டதல்ல. அதைத் தவறான ஆளிடம் வசூலிக்கிறோம்.

ஜூன் 10

என் தொழிலைச் சொல்லவில்லை. திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுக்கிறேன். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் என்பதால் கூட்டம் இருக்கும். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, பாதையை அடைத்துவிட்டார்கள், தண்ணீர் வரவில்லை. என்ன கோரிக்கையாக இருந்தாலும் கடைசி வரி மாறாது: “ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.”

இந்தத் தாழ்மையுடன் என்ற சொல்லை நான் எழுதாத நாள் கிடையாது. கை தானாகவே எழுதும். சில வருடங்களுக்கு முன்னால் அதை விட்டுவிட்டு “கேட்டுக்கொள்கிறேன்” என்று மட்டும் எழுத ஆரம்பித்தேன். சட்டப்படி வர வேண்டிய உதவித்தொகையைக் கேட்க ஒரு கிழவி ஏன் தாழ வேண்டும் என்ற எண்ணம்.

அப்போது முக்கூடல் பக்கத்திலிருந்து பீடி சுற்றுகிற அம்மா ஒருவர் வந்தார். எழுதி வாசித்துக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு, “நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் கும்பிட்டு எழுதுங்கய்யா” என்றார். வேண்டாம்மா, இது உங்கள் உரிமை என்றேன். அவர் விடவில்லை. “உரிமைன்னு உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். உள்ளே இருக்கிறவாளுக்குத் தெரியணும்லா. அதுவரைக்கும் கும்பிட்டு வைங்க.” எழுதிக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டுத் தலை நிமிர்ந்துதான் உள்ளே போனார்.

அன்றிலிருந்து ஒன்று புரிந்தது. அந்த அம்மாவிடம் தாழ்மை என்பது குணமல்ல, கருவி. சுளகை மடியில் வைத்து இலை நறுக்கும் கத்தரியைப் போல, வேலைக்கு எடுத்து வேலை முடிந்ததும் வைத்துவிடுகிற சாமான். அப்படிப்பட்டவரிடம் போய் “நீங்கள் அடங்கிப் போகிறீர்கள்” என்று உபதேசம் செய்ய எனக்கு வாய் வரவில்லை. அந்தச் சொல் இல்லாவிட்டால் மனுவைப் படிக்க மாட்டோம் என்று பழக்கி வைத்திருக்கிறவர்களிடம்தான் என் கோபம்.

ஜூன் 11

நேற்றைய குறிப்புக்கு ஒரு தம்பி நல்ல பதில் போட்டிருந்தார்: அப்படியானால் அது பணிவே இல்லை, நடிப்பு. கூழைக்கும்பிடு.

இல்லை தம்பி, கூழைக்கும்பிடு வேறு. அது மேலே ஏறுவதற்காகப் போடுகிற பொய்க்கும்பிடு. போடுகிறவனுக்கு அங்கே வர வேண்டியது ஒன்றும் இருக்காது, அதனால்தான் வளைவான். இந்த அம்மா கேட்டது தனக்குச் சேர வேண்டியதை.

ஆனால் நீங்கள் சொன்னதில் ஒரு விஷயம் இருக்கிறது. வளைவு எல்லாம் மரியாதை ஆகாது என்று வள்ளுவருக்கும் தெரிந்திருக்கிறது. பகைவர் சொல்லில் வணக்கம் இருந்தால் நம்பாதே, வில் வளைவதும் தீங்குக்குத்தான் என்கிறார் (827). அடுத்த குறளில் தொழுத கைக்குள்ளும் ஆயுதம் ஒளிந்திருக்கும் என்கிறார். அரசனுக்குச் சொன்ன எச்சரிக்கை அது. வளைந்து நிற்கிறவர்களை எல்லாம் தனக்கு அடங்கியவர்கள் என்று எண்ணுகிற அதிகாரிகளும் படிக்கலாம்.

ஜூன் 15

சொல்லை விட்டு உடம்புக்கு வருகிறேன். பணிவை நாம் வாயால் சொன்னதைவிட உடம்பால்தான் அதிகம் வாங்கியிருக்கிறோம்.

தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொள்வது. சில தெருக்களில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு போவது. சைக்கிளை விட்டு இறங்கி உருட்டுவது. வாய் பொத்திப் பேசுவது. உட்காரச் சொல்லாமல் நிற்க வைப்பது. இவை எங்கோ நடந்த கதையல்ல, எங்கள் தாத்தா தலைமுறைக்குத் தினசரி வாழ்க்கை. தெற்கே பக்கத்துத் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை உடுத்தும் உரிமைக்கே பல ஆண்டுகள் போராடி, 1859-ல் அரசாணை வந்தது. அப்போதும் மேல்சாதிப் பெண்கள் உடுத்துவது போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. தோளில் ஒரு முழத் துணி எங்கே கிடக்க வேண்டும் என்பதை அரசாங்கம் எழுதிக் கொடுத்திருக்கிறது.

நிற்க வைப்பதற்கு எங்கள் ஊர் உதாரணம் பாஞ்சாலங்குறிச்சி. 1798-ல் ராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சன் கட்டபொம்மனைச் சந்தித்தபோது உட்கார வைக்காமல் நிற்க வைத்தே விசாரித்தார். கிஸ்திக் கணக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். பாளையக்காரரை நிற்க வைத்ததே ஒரு செய்தி. அங்கே மோதல் வந்தது, அடுத்த ஆண்டு அக்டோபர் 16-ல் கயத்தாற்றில் தூக்கு. எத்தனையோ பேர் எத்தனையோ வாசல்களில் நின்றுகொண்டே காரியம் கேட்டார்கள். அவர்கள் பெயர் எந்தச் சரித்திரத்திலும் இல்லை.

இப்போதும் என்னிடம் மனு எழுத வருகிறவர்களிடம் ஸ்டூலைக் காட்டி உட்காருங்கள் என்றால் வயதானவர்கள் உட்கார மாட்டார்கள். “இருக்கட்டும்யா” என்பார்கள்.

ஜூன் 16

துண்டை இடுப்பில் கட்டுவதைக் குறையாகவே சொல்லிவிட்டேனே, நெல்லையப்பர் சன்னதியில் எல்லாரும் அப்படித்தானே கட்டுகிறோம் என்று டவுனிலிருந்து ஒருவர். நல்ல கேள்வி, இதைச் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

சன்னதியில் மிராசுதாரரும் கட்டுகிறார், அவர் வீட்டில் வேலை செய்கிறவரும் கட்டுகிறார். எல்லாரும் ஒரே நேரத்தில் குனியும்போது யாரும் யாரைவிடவும் கீழே போவதில்லை. வெளியே வந்ததும் ஒருவர் துண்டு தோளுக்கு ஏறி, இன்னொருவர் துண்டு இடுப்பிலேயே தங்கினால், அங்கே பக்தி முடிந்து வேறொன்று தொடங்குகிறது. துணி ஒன்று, முடிச்சு ஒன்று, பொருள் இரண்டு.

ஜூன் 20

கடவுள் முன் பணிவு என்று வந்ததால் ஆழ்வார்திருநகரிக்குப் போகாமல் முடியாது. இப்போது தூத்துக்குடி மாவட்டம், 1986-க்கு முன்னால் எங்கள் மாவட்டம்தான். அங்கே பழைய வைணவக் குடும்பங்களில் “நான்” என்று சொல்ல மாட்டார்கள். “அடியேன்.” தன் வீடு குடிசை, எதிராளி வீடு திருமாளிகை. முதலில் கேட்டபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. பழகின பிறகு ஒன்றைக் கவனித்தேன்: எதிரில் இருப்பவரும் “அடியேன்” என்றுதான் பதில் சொல்கிறார். இரண்டு பக்கமும் தாழ்கிறது.

அந்த ஊர்க்காரர் நம்மாழ்வார் திருவாய்மொழியில் (மூன்றாம் பத்து, ஏழாம் திருவாய்மொழி) அடியாருக்கு அடியார், அவருக்கு அடியார் என்று அடுக்கிக்கொண்டே போய் “அடியோங்களே” என்று முடிக்கிறார். தமிழில் இதைவிடக் கீழே போன பணிவை நான் படித்ததில்லை. ஆனால் கொஞ்சம் தள்ளி ஒன்பதாம் திருவாய்மொழியில் அதே மனிதர் என்ன சொல்கிறார் தெரியுமா?

சொன்னால் விரோதமிது ஆகிலும் சொல்லுவன் கேண்மினோ
என்நாவில் இன்கவி யான் ஒருவர்க்கும் கொடுக்கிலேன்

சொன்னால் உங்களுக்குப் பிடிக்காது, ஆனாலும் சொல்வேன்: என் கவிதையை எந்த மனிதனுக்கும் கொடுக்க மாட்டேன். பணத்துக்காக மனிதரைப் புகழ்ந்து பாடுகிற புலவர்களைப் பார்த்துச் சொல்கிறார். அடியாருக்கு அடியாராக நின்றவர் செல்வர் வாசலில் நிற்க மறுக்கிறார். சைவத்தில் அப்பரும் அப்படியே. சிவனுக்கு ஆளானதால்தான் “நாமார்க்கும் குடியல்லோம்” என்று அரசனிடம் சொல்ல முடிகிறது.

எனக்கு இது பெரிய திறப்பாக இருந்தது. அடிமை என்ற சொல்லை அவர்கள் மேலே ஒருவருக்கே கொடுத்துவிட்டார்கள். கொடுத்த பிறகு கீழே வேறு யாரும் அதைக் கேட்டு வாங்க முடியாது.

ஜூன் 21

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு அக்கா கேட்டது: சபையில் கல்யாண ஆராதனையில் “மனைவிகளே, கர்த்தருக்குக் கீழ்ப்படிகிறதுபோல, உங்கள் சொந்தப் புருஷருக்குக் கீழ்ப்படியுங்கள்” என்று வாசிக்கிறார்களே, அதை எங்கே வைப்பது?

அது பைபிளில் எபேசியர் 5:22 அக்கா. ஒரு வசனம் மேலே ஏறினால் 21: “தெய்வபயத்தோடே ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்.” ஒருவருக்கொருவர். ஆழ்வார்திருநகரியில் இரண்டு பேரும் அடியேன் சொல்கிற அதே கணக்கு. நான் சபைக்காரன் அல்ல, விளக்கம் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் ஒரு மனுவில் முதல் வரியை விட்டுவிட்டு இரண்டாம் வரியிலிருந்து படித்தால் பொருள் மாறும் என்பது என் தொழிலில் எனக்குத் தெரியும்.

ஜூன் 23

கிளைவழி. அடக்கம் என்றால் புதைப்பதும்தானே என்று ஒருவர். ஆமாம். எங்கள் பக்கம் “அடக்கம் எத்தனை மணிக்கு?” என்றால் துக்க வீட்டு விசாரிப்பு, சபையில் அடக்க ஆராதனை. கடைக்காரரிடம் அடக்க விலை என்றால் அவருக்கு அடங்கின விலை, லாபம் சேர்க்காதது. கிராமக் கணக்கில் எந்த சர்வேயில் என்ன பயிர் என்று எழுதி வைக்கிற பதிவேடு அடங்கல். எல்லாவற்றிலும் அடிப்பொருள் ஒன்று: ஒன்று இன்னொன்றுக்குள் இருக்கிறது, வெளியே சிந்தவில்லை.

யோசித்தால் இதுவும் நம் பேச்சுக்கு உதவுகிறது. உள்ளே எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுதான் அடங்கும். காலியான இடத்தில் அடங்குவதற்கு ஒன்றுமில்லை. “நிலையின் திரியாது அடங்கியான் தோற்றம் மலையினும் மாணப் பெரிது” என்ற குறளில் மலை வருவது இதனால்தான் என்று நினைக்கிறேன். பேசத் தெரிந்து பேசாமல் இருப்பவரின் அடக்கமும் பேசவே விடாமல் வளர்த்தவரின் அமைதியும் வெளியிலிருந்து ஒரே மாதிரி தெரியும். ஒரு தடவை பேசச் சொல்லிப் பார்த்தால் தெரிந்துவிடும் எது எது என்று.

ஜூலை 1

தகவல் உரிமை மனுவிலும் தாழ்மையுடன் போட வேண்டுமா என்று கேட்டிருக்கிறார் வள்ளியூர்க்காரர். வேண்டாம். 2005-ஆம் ஆண்டுச் சட்டம். பத்து ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். ஏன் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்கவே கூடாது, காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று 6-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. நான் அதில் “பின்வரும் தகவல்களை வழங்கவும்” என்று எழுதுவேன். முதல் தடவை கேட்பவர்கள் பயப்படுவார்கள், “அண்ணாச்சி, அதட்டுற மாதிரில்லா இருக்கு” என்று. அதட்டல் இல்லை. கடையில் காசு கொடுத்துவிட்டு மிச்சம் கேட்பது அதட்டலா?

ஜூலை 23

இன்று மனு எழுதவில்லை. 1999-ல் இதே நாளில் மாஞ்சோலை எஸ்டேட் தொழிலாளிகளின் கூலிக்காக ஊர்வலமாக இந்த கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்க வந்தார்கள். போலீஸ் தடியடியில் தாமிரபரணிக்குள் ஓடி 17 பேர் இறந்தார்கள். அதில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. ஒவ்வொரு வருடமும் ஆற்றில் பூத்தூவ வருகிறார்கள்.

இந்த இழையில் ஏன் சொல்கிறேன் என்றால், அவர்கள் கொண்டுவந்தது கோரிக்கை. நிமிர்ந்து நடந்து வந்து கொடுக்க வந்த காகிதம். “ஜனங்கள் கொஞ்சம் பணிந்து போயிருக்கலாம்” என்று அப்போது இங்கே டீக்கடையில் பேசியவர்களை நான் கேட்டிருக்கிறேன். 963-ஆம் குறளை அவர்களுக்குச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. சுருக்கத்தில் இருக்கிறவனுக்கு உயர்வு வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறது.

ஜூலை 26

கடைசியாக வந்த கேள்வி, ஏழாம் வகுப்புப் பிள்ளையின் அம்மா அனுப்பியது. விடுப்பு விண்ணப்பத்தில் “இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிந்துள்ள மாணவி” என்று எழுதச் சொல்கிறார்களாம். மகள் கேட்கிறாளாம், “காய்ச்சல்னு சொல்லத்தானே எழுதுதேன், கீழ்ப்படிதேன்னு எதுக்கு எழுதணும்?”

சரியான கேள்வி. பழைய ஆங்கில அலுவலகக் கடிதப் பழக்கத்தைத் தமிழில் எழுதி அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறோம். மேலே “மதிப்பிற்குரிய ஐயா” அல்லது “அம்மா” இருக்கட்டும், ஆசிரியருக்கு மரியாதை வேண்டும். நடுவில் “காய்ச்சலாக இருப்பதால் இரண்டு நாள் விடுப்பு தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.” கீழே “இப்படிக்கு” போட்டுப் பெயர், வகுப்பு, பிரிவு. ஆசிரியர் வற்புறுத்தினால் “தங்கள் அன்புள்ள மாணவி” என்று எழுதலாம், அது பிள்ளை மனசார எழுதக் கூடியது. பெற்றோர் கையெழுத்தை மறக்க வேண்டாம்.